வாசலை மூடிய வட்டக்கல்

ஐயாவு பூசாரி தனியாளாக மூடிய கல்லை எட்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்தும் திறக்க முடியவில்லை. இது எப்படி என்று இருளாயிக்கு விளங்கவில்லை. கல் அதே கல்தான். வாசலும் அதே வாசல்தான். பூசாரிக்கோ வயதாகிவிட்டது, காலையில் லாரியில் ஏற்றுவதற்கே அவரை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அப்படிப்பட்டவர் தொட்டதும் ஓடி வந்து வாசலை அடைத்துக்கொண்ட கல், தோட்டத்து ஆண்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளும்போது ஒரு முனகல் முனகிவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அவள் கல்லுக்கு உட்புறம் இருந்தாள். அவளுடைய கைப்பிள்ளை வெளிப்புறம், தகப்பன் கையில் இருந்தான். பசித்து அழுதுகொண்டிருந்தான்.

அந்த இடத்துக்கு வேதத் தோட்டம் என்று பெயர். ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட மணல்வெளி ஒன்றை மிஷன் பாதிரியார் ஒருவர் வாங்கி, அதன் முடிவில் நிற்கும் சுண்ணாம்பு மலை வரைக்கும் வேதத்தில் வரும் ஊர்களைக் கட்டி வைத்திருந்தார். கப்பலேறிப் புண்ணிய பூமிக்குப் போக முடியாதவர்கள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்பது அவருடைய எண்ணம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ரப்பர்ப் பால் எடுக்கும் கித்தாத் தோட்டம் ஒன்றின் துரை அவருக்குச் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை லாரி அனுப்பினார். தேத்தண்ணியும் ரொட்டியும் உண்டு என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி சொன்னார்.

“இன்னொரு தோட்டமா? அங்கயும் விடியக்காலம் பேரு குடுக்கப் பெரட்டுக்கு நிக்கணுமா?” என்று கேட்டு லயத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தவன் மாயாண்டி, இருளாயியின் புருஷன்.

வந்து பார்த்தபோது சிரிப்பு நின்று ஆச்சரியம் வந்துவிட்டது. மணல்மேட்டில் ஒரு பெரிய மரக்கப்பல் தரைதட்டி நின்றது. அதன் சன்னல்களில் தகரத்தில் வெட்டி வர்ணம் பூசிய ஒட்டகமும் யானையும் எட்டிப் பார்த்தன. அடுத்தது மாட்டுக்கொட்டகை. அதில் வைக்கோலும், பால் வற்றிப்போனதால் பால்கார பாய் இரவலாகத் தந்த நிஜப் பசுவும் இருந்தன. ஐயாவு பூசாரி பசுவைத் தொட்டுக் கும்பிட்டார். “சாமி மாட்டுக் கொட்டாயில பொறந்துச்சா? அப்ப நம்ம ஆளுதான்லா” என்றார்.

கடைசியாக மலையடிவாரத்தில் கல்லறை. குகை ஒன்றைச் செதுக்கி, முன்னால் தாழ்வான வாசல் வைத்து, வாசலை மூட மாட்டுவண்டிச் சக்கரம் உயரத்துக்கு ஒரு வட்டக்கல் வார்த்திருந்தார்கள். சிமிட்டியும் சுரங்கத்துத் தண்டவாளத் துண்டுகளும் சேர்ந்த கல். எருசலேமைச் சுற்றியுள்ள பழைய கல்லறைகள் சிலவற்றில் இப்படித்தானாம். மலைச்சுவரை ஒட்டி நீளமாக ஒரு கால்வாய். அதற்கு முன்புறம் முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்புச் சுவர். கல் அந்தக் கால்வாய்க்குள் நாணயம் போலச் செங்குத்தாக நின்று உருளும். கால்வாயின் ஒரு முனை மேடு, மறுமுனை பள்ளம். வாசல் பள்ளத்தில் இருக்கிறது. மேட்டில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துக் கல்லை நிறுத்தியிருந்தார்கள்.

மாயாண்டி உள்ளே வர மறுத்துவிட்டான். “சும்மா செஞ்சு வச்சதுன்னாலும் சவக்குழி சவக்குழிதான். பிள்ளைய நான் வச்சிருக்கேன், நீ போயிட்டு வா” என்று சொல்லிவிட்டுக் கப்பல் நிழலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அவர்களுடைய தலைப்பிள்ளையைத் தோட்டத்து எல்லையில் குழி தோண்டி வைத்தவன் அவன்தான். இவன் இரண்டாவது. பத்துமலைச் சாமிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை, பெயரும் பத்துமலை. இந்த வாரம்தான் வயிற்றுப்போக்கு நின்று கண்ணைத் திறந்து பார்க்கிறான்.

ஆகவே இருளாயி தனியாக, மிஷன் வேலைக்காரி நவமணியின் பின்னால் குனிந்து நுழைந்தாள். நவமணி பக்கத்துப் புந்தோங்கிலிருந்து வருகிறவள். பார்க்க வருகிற பெண்களுக்குக் கதை சொல்வது அவள் வேலை. குகை உள்ளே போய் ஒரு திருப்பம் திரும்பியது. திருப்பத்துக்கு அப்பால் கல்மேடையும் அதன்மேல் மடித்து வைத்த வெள்ளைத் துணியும். “பாரு தங்கச்சி, மேடை காலி. உடம்பு இல்ல” என்று நவமணி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உச்சிவேளை ஆயிற்று. மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போய்விட்டார்கள். ஐயாவு பூசாரி மட்டும் வாசலில் நின்று வருத்தப்பட்டார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தினமும் உச்சிக்கு நடை சாத்துகிறவர் அவர். எந்தச் சாமியானாலும் மத்தியானம் ஓய்வு வேண்டும். சந்நிதியைத் திறந்துபோட்டுவிட்டு ஊழியக்காரர் எல்லாரும் சாப்பிடப் போவது முறையில்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அவர் பார்க்காமல் இல்லை. அவர் பார்த்தது வாசல்படியை. அங்கே ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. சந்நிதிக்குள் போகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுத்தானே போவார்கள்? செருப்பு இல்லை என்றால் ஆள் இல்லை. இருளாயிக்குச் செருப்பே கிடையாது என்பதும், நவமணி கல்லறைக்குள் செருப்புக் காலோடு போகிறவள் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, மரக்கட்டையைக் காலால் தட்டிவிட்டு, கல்லில் ஒரு கையை வைத்தார்.

இடி விழுந்தது போல் ஒரு சத்தம். உள்ளே இருட்டிவிட்டது.

முதலில் இரண்டு பெண்களும் கத்தினார்கள். பிறகு வெளியிலிருந்து ஆட்கள் கத்தினார்கள். பிறகு பூசாரி அழுத சத்தம் கேட்டது. “ஐயோ இருளாயி, நடை சாத்துனேன்மா, நடைதான் சாத்துனேன்!”

“சாத்துனது சரி மாமா, தெறங்க!” என்றாள் இருளாயி.

திறக்க முடியவில்லை. கல்லை உருட்ட வேண்டுமானால் அதன் ஓரத்தில் கை வைத்து மேட்டுப் பக்கம் தள்ள வேண்டும். பள்ளத்து முனையில் அந்த ஓரத்துக்கும் கால்வாய் முடிகிற மலைச்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். மாயாண்டி பிள்ளையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு அங்கே இறங்கி நின்றான். மற்ற ஏழு பேரும் தடுப்புச் சுவருக்கு இப்பால் நின்று, கல்லின் தட்டையான முகத்தில் உள்ளங்கையை அழுத்திப் பக்கவாட்டில் தேய்த்தார்கள். பார்ப்பதற்கு எட்டு ஆள். கல்லுக்குப் போய்ச் சேர்ந்த பலம் இரண்டு ஆளுடையதுகூட இல்லை. கயிறு சுற்றி இழுத்தார்கள். வழவழப்பான சிமிட்டியில் நழுவியது. காவல்காரன் மண்வெட்டி கொண்டு வந்தான்; பிடி ஒடிந்தது.

கிராணி லாரியை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டு வந்து சேதி சொன்னார். பாதிரியார் தைப்பிங்கில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டு. சங்கிலியும் ஜாக்கியும் நாளைக் காலையில்தான் கிடைக்கும். “காத்து வருதுல்ல? ஒரு ராத்திரிதான். பொறுத்துக்கச் சொல்லு” என்றார் மாயாண்டியிடம்.

“நான் பொறுத்துக்குவேன் கிராணியாரே,” என்று கல்லுக்கு அந்தப்புறமிருந்து குரல் வந்தது. “எம்பிள்ளை பொறுத்துக்குவானா?”

வந்த பெண்களில் பால்குடிப் பிள்ளைக்காரி வேறு யாரும் கிடையாது. இருளாயியைத் தவிர மற்றவர்கள் கைப்பிள்ளையோடு லாரியில் ஏறப் பயந்து லயத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர்களிடம் கொண்டுபோகலாம் என்றால், பசித்துத் துவண்ட பிள்ளை அத்தனை தூரம் லாரி ஆட்டத்தைத் தாங்க மாட்டான். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். பிள்ளை வாந்தி எடுத்தான்.

வட்டக்கல் சதுர வாசலை மூடினால் அடியில் இரண்டு மூலையிலும் கொஞ்சம் சந்து விழும். கல்லின் அடி வளைந்து மேலே போவதால் வரும் சந்து அது. பள்ளத்து மூலையில் அந்தச் சந்து ஒரு கை நுழையும் அளவு இருந்தது. இருளாயி குப்புறப் படுத்துக் கையை வெளியே நீட்டினாள். மாயாண்டி கால்வாய்க்குள் குந்தி, பிள்ளையின் காலை அவள் கையில் வைத்தான். சின்னக் கால், சில்லென்றிருந்தது. பிள்ளை அவள் விரலை உதைத்தான். அவளுக்கு மார் கனத்து, ரவிக்கை நனைந்துவிட்டது.

“ஒரு கொட்டாங்கச்சி குடுங்க” என்றாள். இருட்டில் பாலைப் பீய்ச்சி அதே சந்து வழியாக அனுப்பினாள். மாயாண்டி விரலில் தொட்டு ஊட்டிப் பார்த்தான். பிள்ளைக்குப் புரையேறியது, மூச்சு முட்டி உதடு நீலம் பாய்ந்தது. முதுகைத் தட்டித் தலைகீழாகப் பிடித்த பிறகே அழுகை திரும்ப வந்தது. முன்னைவிட மெலிந்த அழுகை.

“வேணாம், இனி ஊட்டாதீங்க” என்று இருளாயி கத்தினாள்.

நவமணி முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க சாமி எப்படி வெளிய போனாரு?”

“தூதன் வந்து கல்லைப் புரட்டினான். மூணாம் நாள்.”

“மூணாம் நாளா! எம்பிள்ளைக்கு மூணாம் மணி தாங்காது.” இருளாயி கல்லின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். “உள்ள வாரதுக்கு ஒரு கெழவன் போதும், வெளிய போறதுக்கு ஊரே வந்தாலும் பத்தல. எங்க தோட்டம் மாதிரியே இருக்குக்கா.”

நவமணி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், சும்மா கல்லையே பார்த்தாள். வெளியே மறுபடி தள்ள ஆரம்பித்தார்கள். கல் முனகிற்று. “தங்கச்சி,” என்றாள் நவமணி திடீரென்று, “அந்த மூலையில வெளிச்சத்தப் பாரு. அவங்க தள்ளுறப்ப கொஞ்சம் பெருசாகுது. விட்டதும் சிறுசாகுது.”

இருளாயி பார்த்தாள். உண்மைதான். வெளியே இருப்பவர்களுக்குக் கல் அசையாதது போலத்தான் தெரியும். உள்ளே இருட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விரற்கடை வெளிச்சம்கூடப் பெரிய அடையாளம். கல் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நகர்கிறது. பள்ளத்தில் இருப்பதால் கையை எடுத்ததும் திரும்பி வந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் வேண்டியது இன்னும் பத்து ஆள் பலம் இல்லை. வந்த தூரத்தைத் திரும்பக் கொடுக்காமல் பிடித்துக்கொள்ள ஒரு முட்டு. வண்டி மேடேறும்போது மாடு நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் கல் போடுகிறோமே, அதே முட்டுத்தான். வெளியிலிருந்து அதைப் போட முடியாது, ஏனென்றால் முட்டு விழ வேண்டிய இடத்தில் மாயாண்டியின் கால்கள் இருந்தன. முன்பக்கம் தடுப்புச் சுவர் மறைத்தது. உள்ளே இருந்து கை எட்டும்.

“கல்லுக்கு முட்டா என்ன வைக்கலாம்?” என்றாள் இருளாயி. “அக்கா, உங்க கையில இருக்குற புத்தகம் நல்லா தடிமனா இருக்கே.”

“இது வேதம்! இத முட்டுக்கு வைக்கச் சொல்றியா?”

“சும்மா கேட்டேன்லா.”

நவமணி மேடைமேல் இருந்த துணியை எடுத்து வந்து மடித்துக் கொடுத்தாள். வெளியே தள்ளினார்கள்; இருளாயி துணியைத் திணித்தாள்; கல் திரும்பி வந்து அதைத் தோசை போலத் தட்டையாக்கியது. பிறகு இருவரும் தரையைத் தடவினார்கள். குகையைச் செதுக்கியபோது விழுந்த சுண்ணாம்புச் சில்லுகள் ஓரங்களில் கிடந்தன. ஒரு பக்கம் மெலிந்து ஒரு பக்கம் தடித்த சில்லாக இருளாயி பொறுக்கினாள். மெலிந்த பக்கம் கல்லுக்கு அடியில் நுழைய வேண்டும், தடித்த பக்கம் தாங்க வேண்டும்.

“இந்தாங்க,” என்று சந்து வழியாக மாயாண்டியை அழைத்தாள். “ஒரேயடியா தொறக்கப் பாக்காதீங்க. சேர்ந்து ஒரு தள்ளு, கொஞ்சம்போல நிறுத்திப் புடிங்க. நான் ‘சரி’ன்னு சொன்னாதான் கைய விடணும். முன்னாடியே விட்டா என் விரல் போயிரும்.”

“வெரல் போச்சுன்னா பால்மரம் வெட்ட முடியாதே புள்ள.”

“பிள்ளை போச்சுன்னா?”

மாயாண்டி உள்ளங்கையைக் கல்லில் வைத்தான். “தள்ளுங்கடா!” என்று கத்தினான்.

முதல் சில்லு பொடியாயிற்று. இரண்டாவது நின்றது. வெளியே கையை எடுத்தார்கள், வெளிச்சம் சிறுக்கவில்லை. நவமணி “ஸ்தோத்திரம்!” என்றாள், அந்தப்பக்கம் பூசாரி “மாரியாத்தா!” என்றார். மறுபடி தள்ளு, மறுபடி சில்லை இன்னும் உள்ளே நகர்த்து, “சரி.” அதிகம் அசைந்தால் பெரிய சில்லைப் பின்னால் வை, “சரி.” விரல் படாமலிருக்க ஒரு சில்லை இன்னொரு சில்லால் தள்ளினாள். இப்படியே கல் விரற்கடை விரற்கடையாக மேடேறி, ஒரு சாண் தூரம் போனது.

அங்கே நின்றுவிட்டது. கல் வேகமாக ஓடி வந்து மூட வேண்டும், பார்க்கிறவர்கள் மலைக்க வேண்டும் என்று, அந்த இடத்திலிருந்து கால்வாயை இன்னும் சரிவாக வெட்டியிருந்தார்கள். அதற்கு மேல் தள்ளினால் ஆட்கள் வழுக்கினார்கள். அந்தச் சரிவில் வைத்த சில்லு ஒவ்வொன்றும் நொறுங்கியது. பின்னுக்கு இருந்த பெரிய சில்லு மட்டும்தான் தாங்கிக்கொண்டு நின்றது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாயாண்டியின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

இருளாயி தலையை அந்த மூலைச் சந்தில் வைத்துப் பார்த்தாள். காது வரைக்கும் போனது. தோள் எப்படியும் போகாது. அவள் அப்படியே தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள். பிள்ளையின் அழுகை இப்போது விட்டுவிட்டு வந்தது. அழாத நேரம்தான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

படுத்திருந்த கண்ணுக்கு நேரே சந்து இருந்தது. அவள் அதைக் கையால் அளந்தாள். தரையோரம் அகலம் ஒன்றரைச் சாணுக்கு மேல். உயரம் வாசல் ஓரத்தில் ஒரு சாண். பிறகு தன் பிள்ளையின் தலையை நினைத்து, காற்றில் கையை வளைத்து அளந்தாள்.

“என்னங்க,” என்றாள். “பிள்ளைய உள்ள குடுங்க.”

மாயாண்டி குனிந்து சந்தில் காதை வைத்தான்.

“என்ன சொன்ன?”

“நான் வெளிய வர முடியாது. அவன் உள்ள வரலாம். குடுங்க.”

“சவக்குழிக்குள்ளயா?” என்றான் மாயாண்டி. “மொதப் பிள்ளைய இந்தக் கையாலதான் குழில எறக்கி வச்சேன். இவனையும் இந்தக் கையாலயே உள்ள குடுக்கச் சொல்றியா? முடியாது. என்னால முடியாது.”

“வேணாம்மா, ஆகாது,” என்றார் ஐயாவு பூசாரி. “உசுரோட இருக்குற பிள்ளைய அப்படி ஒரு எடத்துல...”

“மாமா, நீங்க பேசாதீங்க. நடை சாத்துனவரு நீங்க.” இருளாயி சந்தில் வாயை வைத்துப் பேசினாள், கோபம் இல்லாமல், புருஷனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “இங்க செத்தவங்க யாரும் இல்லங்க. நான் உள்ள பூராம் தடவிப் பாத்துட்டேன். மேடை காலி. அக்கா சொல்ற கதையே அதான், இங்க யாரும் இல்லன்னு. இது குழி இல்ல. நான் இருக்கேன். பால் இருக்கு. வெளியதான் அவனுக்கு ஒண்ணும் இல்ல.”

மாயாண்டி குனிந்து கல்லின் அடியைத் தடவிப் பார்த்தான். பிறகு, “கல்லு தாங்குமா?” என்று மட்டும் கேட்டான்.

அது சரியான கேள்வி. கல் திரும்பினால் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்வான். “எல்லாரும் கைய எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க” என்றாள் இருளாயி. எடுத்தார்கள். அவள் முட்டுச் சில்லின்மேல் விரல் வைத்துக் காத்திருந்தாள். அசைவில்லை. மாயாண்டி கல்லை இறங்குகிற பக்கமாகத் தன் பலத்தையெல்லாம் வைத்து இழுத்துப் பார்த்தான். முட்டு தாங்கியது.

அவன் பிள்ளையை வாங்கிக் கால்வாய்க்குள் குந்தி, சுற்றியிருந்த துணியை இறுக்கி, முகம் மேலே பார்க்கத் தலையை முதலில் நீட்டினான். கல்லுக்கு அடியில் இருளாயியின் இரண்டு கைகளும் வந்து தலையையும் பிடரியையும் ஏந்திக்கொண்டன. தோள் கொஞ்சம் உரசியது. பிறகு இடுப்பு, பிறகு கால்.

வெளியே எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அழுகை ஒருமுறை உயர்ந்து, சட்டென்று நின்றது. மாயாண்டி, “இருளாயி?” என்றான்.

“குடிக்கிறான்” என்றாள் அவள்.

கல் ஒரு சாண்தான் நகர்ந்தது. அவள் வெளியே வர அது போதாது. அதற்குக் காலையில் சங்கிலி வர வேண்டும். பிள்ளைக்குப் பால்தான் வேண்டும், பால் உள்ளே இருந்தது, பிள்ளை உள்ளே போக ஒரு சாண் போதும். ஆகவே தாயை வெளியே எடுப்பதை விட்டுவிட்டு, கல்லுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திப் பிள்ளையை உள்ளே கொடுத்தார்கள்.